ஊறுகாய் ஜாடிக்குள் அம்மா!

"என்னடா இது... மாங்கா ஊறுகா போடற ஜாடி மாதிரி இருக்கு?"

புதிதாகக் கட்டிய அறைக்குள் முதல் தடவையாகக் கால் வைத்ததும் என் அம்மா கேட்ட கேள்வி இது. அம்மாவுக்கு அப்போது வயது 82. படிப்பு, மூணாங்கிளாஸ். எனக்கு எம்.எஸ்ஸி., பி.எட். தர்மபுரி ஜில்லாவில் பல ஊர்ப் பள்ளிக்கூடங்களில் முப்பத்தோரு வருஷம் பௌதிகம் நடத்தி ரிட்டயர் ஆனவன். மூணாங்கிளாஸ் படிப்புக்கு ஒரே பார்வையில் தெரிந்த விஷயம், எம்.எஸ்ஸி. படிப்புக்குத் தெரிய நாலு மாசமும், ஓர் ஆஸ்பத்திரி அட்மிஷனும் தேவைப்பட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். வீடு கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். கட்டி முடித்துவிட்டவர்கள் இன்னும் கவனித்துப் படியுங்கள்!

எல்லாம் ஒரு போட்டோவில் ஆரம்பித்தது. என் பையன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் வேலையாக இருக்கிறான். 2023-ம் வருஷம் அங்கே ஒரு பழைய வீடு வாங்கினான். வீட்டின் பின்பக்கம் மூன்று புறமும் கண்ணாடி வைத்த ஓர் அறை. "கன்சர்வேட்டரிப்பா இது. வெயில் வந்தா இதுக்குள்ள உக்காந்து காபி குடிப்போம்" என்று போட்டோ அனுப்பினான். ஒரு மூலையில் பூந்தொட்டி, பிரம்பு நாற்காலி, அதில் என் பேத்தி. பார்த்ததும் விழுந்துவிட்டேன். நாற்காலியில் இல்லை, ஆசையில்.

வெள்ளைக்காரனுக்கு இந்தக் கண்ணாடிப் பைத்தியம் இன்று நேற்று வந்ததில்லை. அவன் ஊர்க் குளிரில் ஆரஞ்சு, எலுமிச்சை எல்லாம் பிழைக்காது. அவற்றைக் காப்பாற்றக் கண்ணாடி வீடு கட்ட ஆரம்பித்தான். 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் இரும்பையும் கண்ணாடியையும் வைத்து 'கிரிஸ்டல் பேலஸ்' என்று ஒரு மாளிகையே எழுப்பிவிட்டார். அதே பாணியில் நமக்குப் பக்கத்து பெங்களூர் லால்பாக்கில் ஒரு கண்ணாடி மாளிகை இருக்கிறது. 1889-ல் அடிக்கல் நாட்டியது. ஸ்கூல் டூரில் எத்தனை பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன்!

பெங்களூரில் சரியாக இருப்பது நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி தர்மபுரியிலும் சரியாக இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டேன். பௌதிக வாத்தியார் போட்ட கணக்கு!

காண்ட்ராக்டர் ஒருவர் கிடைத்தார். "சார், இப்ப எல்லாம் இதான் ஃபேஷன்" என்று உற்சாகமாக ஆரம்பித்தார். வீட்டின் மேற்குப் பக்கம், சூரியன் மறைவதைப் பார்க்கிற மாதிரி, பதினாலுக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு நாலரை அங்குலச் சுவர். அதற்கு மேல் மூன்று பக்கமும் கண்ணாடி. கூரைக்கு ஒளி ஊடுருவுகிற பாலிகார்பனேட் ஷீட். என் மனைவி மட்டும், "என்னங்க, மேற்கால வெயில் அடிக்குமேங்க..." என்று இழுத்தாள். "உனக்கு என்ன தெரியும்" என்று சொல்லி அடக்கினேன். (இப்போது அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் நான் உபயோகிப்பதே இல்லை.)

தை மாசம் பால் காய்ச்சினோம். மார்கழிக் குளிர் முழுசாக விடாத நேரம். கண்ணாடி வழியாக இளம் வெயில் இதமாக வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "அடடா, ஃபாரின் மாதிரி இருக்கே!" என்றார்கள். 'வெளிச்சமா இருக்கு, காத்தாட இருக்கு' என்று அம்மாவின் கட்டிலை அந்த அறைக்கே மாற்றினேன். அப்போதுதான் அம்மா ஊறுகாய் ஜாடி டயலாக்கைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம்.

மாசியில் சிரிப்பு குறைந்தது. பங்குனியில் நின்றது.

2024-ம் வருஷ வெயிலை மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரலிலேயே நம் உள் மாவட்டங்களில் 40 டிகிரியைத் தாண்டி அடித்த வருஷம். கத்திரி பிறக்கும் முன்பே கத்திரி! பழைய தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் மூன்றரை மணிக்கு வாசலில் வேப்பமர நிழலில் மாட்டிப் பார்த்தேன். 39. கண்ணாடி அறைக்குள் வைத்தேன். 44. அதாவது, கைக்காசைப் போட்டு வெளியில் இருக்கிற வெயிலை விட ஐந்து டிகிரி அதிகமாக நானே தயாரித்துக் கொண்டிருக்கிறேன்!

திரைச்சீலை போட்டோம். ஃபேனைப் போட்டோம், அது சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி விநியோகம் பண்ணியது. "அம்மா, மத்தியானம் உள் ரூமுக்கு வந்து படும்மா" என்றால், "வேணான்டா, பழகிடுச்சு" என்றாள். பிள்ளை ஆசையாகக் கட்டின அறை, குறை சொன்னால் மனசு கஷ்டப்படுவான் என்று நினைத்திருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள். மத்தியானம் கரண்ட் போய்விட்டது. நான் பாங்க் வேலையாக வெளியே போயிருந்தேன். நாலு மணிக்குக் காபி கொடுக்கப் போன என் மனைவி, "அத்தே... அத்தே..." என்று எழுப்பியிருக்கிறாள். அம்மா கண் திறந்தாள். ஆனால் சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினாளாம். எப்போதோ செத்துப்போன தன் தம்பியைக் கூப்பிட்டாளாம். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை.

என் மனைவி மட்டும் பதறாமல் இருந்திராவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க முடியாது. அம்மாவை இழுத்து உள் அறைக்குக் கொண்டு வந்தாள். குடத்துத் தண்ணீரை அப்படியே புடவையோடு சேர்த்து ஊற்றினாள். ஈரத் துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, விசிறியால் வீசிக்கொண்டே பக்கத்து வீட்டுப் பையனை ஆட்டோவுக்கு ஓடச் சொன்னாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் அம்மா என்னை ஓரமாக அழைத்தார். "வயசானவங்களுக்குத் தாகம் எடுக்கறதே சரியா தெரியாது சார். வியர்வையும் குறைவு. உடம்பு தன்னைத் தானே குளிர வெச்சுக்கற சக்தி போயிடும். வெயில்ல நடந்தாதான் வெயில் தாக்கும்னு இல்ல, வீட்டுக்குள்ள படுத்திருந்தாலும் தாக்கும். தண்ணி ஊத்தினாங்களே, அதான் காப்பாத்துச்சு. எந்த மாதிரி ரூம்ல இருந்தாங்க?"

சொன்னேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க என்ன வேலையில இருந்தீங்க?"

"டீச்சர்..."

"என்ன சப்ஜெக்ட்?"

"தமிழ்" என்று சொல்லிவிடலாமா என்று ஒரு விநாடி யோசித்தேன். தமிழுக்கு எதற்கு அவமானம்? உண்மையைச் சொன்னேன்.

அம்மா மூன்று நாளில் வீட்டுக்கு வந்தாள், நடு அறைக்கு. கண்ணாடி அறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது.

கத்திரி முடிந்து ஒரு மழை பெய்த பிறகு மேஸ்திரி ஒருவர் வந்தார். ஒரு காலத்தில் பாலக்கோட்டில் என்னிடம் பத்தாவது படித்தவர். (நான் ஃபெயிலாக்கவில்லை. அதுவாகத்தான் ஆனது.) அறையைச் சுற்றி வந்தார். கண்ணாடியைத் தட்டினார். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டே, "சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? 'அரிதிற் கடத்தி, எளிதிற் கடத்தி'னு நீங்கதானே சார் நடத்துனீங்க?"

"ஆமா."

"அரிதிற் கடத்திக்கு என்ன உதாரணம் சொன்னீங்க?"

"மரம், கம்பளி... காற்று."

"அதைச் சுவத்துக்குள்ள வெச்சுட்டாப் போச்சு சார்!"

பத்தாவது ஃபெயிலான மாணவன் எனக்கு மார்க் போட்ட நாள் அது!

நடந்தது இதுதான். சூரிய வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டிச் சுலபமாக உள்ளே வந்துவிடும். உள்ளே கட்டில், தரை, பீரோ எல்லாவற்றையும் சூடாக்கும். அந்தச் சூடு திரும்பி வெளியே போகும்போது கண்ணாடி வழி விடாது. சூடான காற்றும் மேலே ஏறித் தப்பிக்க வழி கிடையாது. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கிறார்களே, அங்கே கூடப் பக்கவாட்டுத் திரையைத் தூக்கிக் காற்று விடுவார்கள். நான் அதுவும் விடவில்லை. ரோஜாவுக்குக் கிடைத்த வசதி அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

திசையும் தப்பு. தர்மபுரி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது, நாலாவது வாரத்தில் உச்சி நேரத்துச் சூரியன் நமக்கு நேர் தலைக்கு மேலே. நம் நிழல் நம் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். அப்போது அடி வாங்குவது கூரை. மூன்று மணிக்கு மேல் சூரியன் சாய்ந்து, மேற்குச் சுவரில் நேராக முகத்தில் அறைகிற மாதிரி அடிக்கும். மே மாசம் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால் தெற்குச் சுவருக்கு லீவு! ஆக, நம் ஊரில் காப்பாற்ற வேண்டியது முதலில் கூரை, அடுத்தது மேற்குச் சுவர். இரண்டிலும் நான் வைத்தது ஒளி புகுகிற சரக்கு!

"அப்ப சாதாரணமா ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"எழுப்பலாம் சார். ஆனா ராத்திரி தூங்க முடியாது" என்றார் மேஸ்திரி.

உண்மை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெளியில் வாங்கிய சூட்டை உள்ளே கொண்டு சேர்க்க ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மத்தியானம் மூன்று மணிக்கு வாங்கியதை ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு நம் படுக்கையில் டெலிவரி செய்யும். 'வெளியே ஜில்லுனு காத்து, உள்ளே அனல்' என்று மே மாசத்தில் நாம் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவது இதனால்தான்.

இதற்கு லாரி பேக்கர் ஒரு வழி காட்டியிருக்கிறார். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். காந்திஜியைச் சந்தித்த பிறகு இந்தியாவே தன் ஊர் என்று தங்கிவிட்டார். 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அவர் பரப்பிய சுவருக்குப் பெயர் 'ராட் ட்ராப்', அதாவது எலிப்பொறிக் கட்டு! செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிமிர்த்தி வைத்து, வெளி வரிசை ஒன்று, உள் வரிசை ஒன்று, இரண்டையும் இணைக்கக் குறுக்கே ஒரு கல் என்று கட்டுவது. நடுவில் மூன்று அங்குலத்துக்கு வெற்றிடம். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம்தான். ஆனால் கால் பங்கு செங்கல் மிச்சம், கலவையும் மிச்சம். உள்ளே சிறைப்பட்ட காற்று சூட்டைச் சுலபமாகக் கடத்தாது.

இது மந்திரச் சுவர் இல்லை. குறுக்குக் கல் வழியாகக் கொஞ்சம் சூடு வரத்தான் செய்யும். கட்டுகிறவர் கவனமில்லாமல் கலவையை உள்ளே கொட்டினால் வெற்றிடம் அடைபட்டு, காசும் போய் காற்றும் போய்விடும். ஜன்னலுக்குக் கீழே, லிண்டலுக்கு அடியில் எல்லாம் கெட்டியாகத்தான் கட்ட வேண்டும். கோணல்மாணலான நாட்டுச் செங்கல் இதற்குச் சரிப்படாது. அளவு பிசகாத கல் வேண்டும். நாங்கள் சாம்பல் கல் வாங்கினோம்.

"ஏன் சார், தெர்மாகோல் ஷீட்டை ஒட்டிடலாமே?" என்று ஒருவர் யோசனை சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சூட்டைத் தடுப்பதில் ஓர் அங்குலத் தெர்மாகோல் கிட்டத்தட்ட இருபது அங்குலச் செங்கல்லுக்குச் சமம். குளிர்சாதனக் கிடங்குகளில் வைப்பது இந்த ஜாதிதான். ஆனால் தீப்பிடித்தால் கருகருவென்று புகை கக்கும். பிளாஸ்திரிக்குள் முழுசாக மூடிப் புதைக்காமல் சும்மா உள்சுவரில் ஒட்டி வைப்பது ஆபத்து. 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடியில் தீ மேலேறி 72 பேர் செத்தார்களே, அந்தக் கட்டடத்துக்கு வெளிப்புறம் போர்த்தியிருந்த தகடும் சூடு தடுக்கும் ஃபோமும் எரியக்கூடிய சரக்கு. வெயிலிலிருந்து அம்மாவைக் காப்பாற்றி நெருப்பில் மாட்டிவிட எனக்குத் துணிச்சல் இல்லை. "வேண்டாம்" என்றுவிட்டேன்.

இதில் அம்மாவும் ஒரு யோசனை சொன்னாள். கட்டிலில் படுத்தபடியே, "எங்க அப்பா வீட்ல மண் செவுரு. ஒண்ணரை அடி கனம். மேல கூரை. சித்திரையிலயும் மத்தியானம் தூங்கினா போர்வை தேடுவோம்" என்றாள். போர்வை கொஞ்சம் மிகைதான். மற்றதெல்லாம் நிஜம். நம் பெரியவர்கள் கனமான மண் சுவர், அகலமான தாழ்வாரம், சுண்ணாம்பு வெள்ளை, முற்றம் என்று சூட்டுக்கு நாலு கதவு போட்டு வைத்தார்கள். 1993-ல் அரூர்ப் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி பழங்குடி மக்களுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரி கூட ஒரு கூரைக் குடிசையில்தான் தொடங்கியது. கான்கிரீட்டுக்கும் கண்ணாடிக்கும் நாம் மாறினோம். மாறும்போது அந்த நாலு கதவையும் கழற்றிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டோம்.

ஆவணியில் வேலை ஆரம்பித்தது. மேற்குக் கண்ணாடி முழுக்கக் கழற்றி, எலிப்பொறிக் கட்டில் சுவர். உயரத்தில் இரண்டு வென்டிலேட்டர், சூடான காற்று ஓட. வடக்கே மட்டும் கண்ணாடி ஜன்னல் நின்றது, மேலே இரண்டடி சன்ஷேடோடு. பாலிகார்பனேட்டைக் கழற்றிக் கான்கிரீட். அதற்கு மேல் அம்மா சொன்ன வைத்தியம்: மண் கலயங்களை வரிசையாகக் கவிழ்த்து, இடையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் நிரப்பி, மேலே வெள்ளை ஓடு. அதியமான்கோட்டைப் பக்கம் மண்பாண்டக்காரரிடம் கலயம் வாங்கப் போனபோது, "எத்தனை பொங்கல் சார் வைக்கப் போறீங்க?" என்று அவர் கேட்டார். மேற்குச் சுவருக்கு வெளியே இரண்டடி தள்ளிப் பந்தல் போட்டு அவரைக் கொடி ஏற்றினோம். சுவர் மேல் வெயில் படாமலே செய்வதற்கு ஈடான இன்சுலேஷன் உலகத்தில் கிடையாது. காயும் கிடைக்கும்!

வேலை முடியும் தறுவாயில் மேஸ்திரி இரண்டு நாள் வரவில்லை. தேடிப் போனேன். அவர் வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறை. உள்ளே அவர் மகள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு உடம்பு பூராவும் வேர்க்குரு. "வெக்கை சார்... அதான் டாக்டர்ட்ட போயிட்டு வந்தோம்" என்றார். ஊருக்கெல்லாம் குளுகுளு சுவர் எழுப்புகிறவர் தன் தலைக்கு மேல் இருக்கிற ஷீட்டை ஒன்றும் செய்ய முடியாமல் இருக்கிறார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஏணி போட்டு ஏறினோம். (ஷீட் மேல் கால் வைக்காமல் பலகை போட்டுத்தான், ஷீட்டைத் தேய்த்துச் சுரண்டவும் கூடாது, தூசி நுரையீரலுக்கு ஆகாது.) தண்ணீர் ஊற்றிக் கழுவி, என் வீட்டில் மிஞ்சிய சுண்ணாம்பில் ஒட்டுவதற்குப் பசை கலந்து இரண்டு கோட் வெள்ளை. 2010 மே மாச வெயிலில் ஆமதாபாத் நகரத்தில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கும் மேல் அதிகமாகச் செத்தார்கள். அதன் பிறகு 2013-ல் அந்த ஊரில் வெயிலுக்கென்றே திட்டம் போட்டார்கள். குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதும் அங்கே பரவியது. நம் தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. புயல், வெள்ளம் மாதிரி வெயிலும் பேரிடர்தான். என்ன, புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போகும், வெயில் கூரைக்குள்ளேயே ஆளை முடிக்கும்.

அடுத்த கத்திரி வந்தது. 2025 மே. தெர்மாமீட்டரை எடுத்தேன். பரீட்சை எழுதிய பையன் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. வாசல் வேப்பமர நிழலில் 38. புது அறைக்குள் 33. ஏ.சி. கிடையாது, ஃபேன் மட்டும். மேஸ்திரி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "தலைக்கு மேல நெருப்பு எரியற மாதிரி இருந்தது சார், இப்ப அது இல்ல. குழந்தை மத்தியானம் தூங்குது" என்றாள் அவர் மகள். அந்த வீட்டுக்கு நான் தெர்மாமீட்டர் எடுத்துப் போகவில்லை. தேவைப்படவில்லை.

இந்த நடுவில் லீட்ஸிலிருந்து போன். "அப்பா, எங்க கன்சர்வேட்டரி குளிர்காலத்துல ஃபிரிட்ஜ் மாதிரி ஆயிடுது. சுவத்துக்கு இன்சுலேஷன் போடணுமாம். என்ன பண்றதுனு யோசிக்கிறேன்."

"நான் சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரம் பாடம். அவனுக்குக் குளிர் உள்ளே வரக் கூடாது, எனக்கு வெயில் உள்ளே வரக் கூடாது. பௌதிகம் ஒன்றுதான். கடைசியில் அவன், "சூப்பர்ப்பா! இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்றான்.

"எங்கிட்ட படிச்ச ஒருத்தர்ட்ட" என்றேன்.

அம்மாவை மறுபடி அந்த அறைக்கு மாற்றினோம். அவளுக்கு இஷ்டமா என்று முதலில் கேட்டோம். போன தடவை கேட்கவில்லை. மத்தியானம் மூன்று மணி. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். வெளியே பந்தலில் அவரைப் பூ. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் வாசல்படியிலேயே நின்றேன்.

"இப்ப எப்படிம்மா இருக்கு? ஜாடியா?"

"இல்லடா" என்றாள் அம்மா, காலை நீட்டிக்கொண்டு. "பானை!"